மனப்பாங்கு எங்களிட்ட இருக்கட்டும், வேலையைப் பழக்குறது ஆர்?

போன மாசம் என்ர சிநேகிதி ஒருத்தி ஒரு வேலைக்கு நேர்முகத்தேர்வுக்குப் போய் வந்தாள். விளம்பரத்தில் இரண்டு விசயம் போட்டிருந்தது. ஒன்று, குறைந்தது 2 வருட அனுபவம். மற்றது, நல்ல மனப்பாங்கு உடையவராக இருத்தல் வேண்டும். அனுபவம் இல்லாட்டியும் பரவாயில்லை, போய்ப் பார் எண்டு நாங்கள்தான் தள்ளி அனுப்பினோம். இருபது நிமிசம் உள்ளே இருந்திருக்கிறாள். கணக்கு மென்பொருள் பாவிக்கத் தெரியுமா எண்டு ஒரேயொரு கேள்வி. மிச்சம் எல்லாம் எந்த ஊர், அப்பா என்ன செய்யிறார், கலியாணம் எப்ப, இரவு ஏழு மணி வரைக்கும் நிற்க வீட்டில விடுவினமா எண்டு போயிருக்கு. கடைசியில், "உங்கட மனப்பாங்கு எங்களுக்குச் சரிவராது போல" எண்டு சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெளியில் வந்தவள் என்னிடம் கேட்டாள்: "மனப்பாங்கு எண்டால் என்னடி?"

அந்தச் சொல் எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். அறிவு, திறன், மனப்பாங்கு என்று மூன்றையும் ஒரே மூச்சில்தான் ஆசிரியர்மார் சொல்வார்கள். ஆனால் வேலை விளம்பரத்தில் அது வந்து குந்தியதுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. "மனப்பாங்கைப் பார்த்து ஆளை எடு, திறனைப் பிறகு பழக்கு" என்பது உலகம் முழுக்க முகாமைத்துவ வகுப்புகளில் ஓதப்படும் ஒரு வாசகம். கேட்க நல்லாத்தான் இருக்கும். சான்றிதழ் இல்லாதவனுக்கும் அனுபவம் இல்லாதவளுக்கும் கதவு திறந்துவிடுகிற மாதிரி இருக்கும்.

கவனித்துப் பாருங்கள், அந்த வாசகத்துக்கு இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதி வேலை கேட்கிறவர் கொண்டு வரவேண்டியது. இரண்டாம் பாதி வேலை கொடுக்கிறவர் செய்ய வேண்டியது. எங்கட ஊருக்கு முதல் பாதி மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது போல. இரண்டாம் பாதிக்கு என்ன நடந்தது என்று தேடியபோது மூன்று இடங்கள் முக்கியமாகப் பட்டன: அமெரிக்காவின் டெக்சாஸ், தமிழ்நாட்டின் மதுரை, எங்கட மானிப்பாய்.

டெக்சாஸ்: பத்து நிமிசத்தில் ஒரு விமானம்

இந்த வாசகத்தோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் நிறுவனம் சவுத்வெஸ்ட் எயார்லைன்ஸ். டலஸ், ஹூஸ்டன், சான் அன்ரோனியோ ஆகிய மூன்று நகரங்களுக்கு இடையில் 1971 ஜூன் 18 அன்று அது பறக்கத் தொடங்கியது. அதற்கு முதல் சில வருடங்கள் நீதிமன்றத்திலேயே கழிந்தன. ஏற்கெனவே இருந்த விமான நிறுவனங்கள் புதியவனை உள்ளே விடக்கூடாது என்று வழக்குப் போட்டன. அந்த வழக்குகளைப் பேசிய சட்டத்தரணி ஹேர்ப் கெலஹர்தான் பின்னாளில் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர்.

1972 இல் கையில் காசு இல்லை. இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. ஆனால் நான்கு விமானத்துக்குப் போட்ட கால அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்ட வேண்டும். வழி ஒன்றுதான்: தரையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. இறங்கிய விமானம் பத்து நிமிசத்தில் திரும்பவும் கிளம்ப வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மற்ற நிறுவனங்கள் இதைப்போலப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

பத்து நிமிசத்தில் இது நடக்க வேண்டும் என்றால், "இது என்ர வேலை இல்லை" எண்டு சொல்லுற ஆள் ஒருத்தர் இருந்தாலும் சரிவராது. பணிப்பெண் ஆசனங்களைத் துப்புரவாக்க வேண்டும். தேவைப்பட்டால் விமானியும் கைகொடுக்க வேண்டும். வேறு நிறுவனங்களில் பல வருட அனுபவம் உள்ளவர்கள் அந்த நிறுவனங்களின் பழக்கத்தோடுதான் வருவார்கள். அதனால் சேர்ந்து வேலை செய்யக்கூடிய ஆட்களை எடுத்து, மிச்சத்தைப் பழக்குவது அவர்களுக்கு ஒரு தேவையாகவே இருந்தது. திறனைப் பயிற்சியால் மாற்றலாம், மனப்பாங்கை மாற்ற ஏலாது என்பது கெலஹர் திரும்பத் திரும்பச் சொன்ன விசயம். 1973 தொடங்கி 2019 வரைக்கும் அந்த நிறுவனம் ஒரு வருடம்கூட நட்டத்தில் போகவில்லை. பிறகு கேட்கவா வேணும்? 1996 இல் ஒரு அமெரிக்க வணிகச் சஞ்சிகை இந்த வாசகத்தையே ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தது. அதுக்குப் பிறகு அது மந்திரம் மாதிரிப் பரவியது.

முகாமைத்துவ வகுப்புகளில் கதை பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். ஆனால் இதே நிறுவனத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

எழுபதுகளில் அந்த நிறுவனம் விமானப் பணியாளர்களாகவும் பயணச்சீட்டுக் கருமபீடத்திலும் பெண்களை மட்டுமே எடுத்தது. பணிப்பெண்களுக்குக் குட்டைக் காற்சட்டையும் உயரமான சப்பாத்தும் சீருடை. "காதல்" என்பதுதான் விளம்பரத்தின் கருப்பொருள். வேலை மறுக்கப்பட்ட ஆண்கள் வழக்குப் போட்டார்கள். பெண்களின் கவர்ச்சிதான் எங்கட வியாபாரத்தின் அடையாளம், அதனால் பெண்களை மட்டும் எடுப்பது நியாயம் என்று நிறுவனம் வாதாடியது. 1981 இல் டெக்சாஸ் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விமான நிறுவனத்தின் அடிப்படை வேலை பயணிகளைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அதை ஆணும் செய்யலாம், பெண்ணும் செய்யலாம் என்பதே தீர்ப்பின் சாரம். திறனை அளந்து பார்க்காமல் "எங்கட நிறுவனத்துக்குப் பொருத்தமான ஆள்" என்று தேடத் தொடங்கினால், அந்தப் பொருத்தத்துக்குள்ளே முகமும் உடம்பும் எவ்வளவு சுலபமாகப் புகுந்துகொள்ளும் என்பதற்கு இந்த வழக்கு நல்ல சாட்சி.

இன்னொரு விசயம். அந்த நிறுவனம் ஓட்டுவது போயிங் 737 விமானம். அந்த விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியை வைத்திருந்தால்தான் விமானியாகச் சேரலாம் என்பது பல வருடங்களாக அங்கே நிபந்தனையாக இருந்தது. அதை எடுக்கிற செலவு பெரிய செலவு. இல்லாதவர்கள் தங்கட காசில் எடுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. சில வாரத்தில் பழக்கக்கூடிய வேலை என்றால் நாங்கள் பழக்குவோம், விலை கூடிய திறன் என்றால் நீயே வாங்கிக்கொண்டு வா. மந்திரத்தைப் பிரபலமாக்கிய வீட்டிலேயே அது எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தவில்லை.

மதுரை: விலை கூடிய திறனையும் பழக்கிய இடம்

விலை கூடிய திறனையும் நாங்களே பழக்குவோம் என்று யாராவது இறங்கியிருக்கிறார்களா? இறங்கியிருக்கிறார்கள். 1976 இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அப்படியான ஒரு இடம்.

அதை ஆரம்பித்தவர் வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918 இல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். மகப்பேற்று வைத்தியராக வரவேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். இராணுவத்தில் வைத்தியராக இருந்த காலத்தில் கடுமையான மூட்டுவாதம் வந்து, கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. அந்த விரல்களோடு மகப்பேற்று வைத்தியம் செய்ய ஏலாது. கண் வைத்தியத்துக்கு மாறி, கோணல் விரல்களால் கத்தியைப் பிடிக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டார். தன் வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் சத்திரசிகிச்சைகள் செய்தார். வேலைக்கு ஆள் எடுக்கிற எந்த மேசையிலும் அந்தக் கையைப் பார்த்து "தகுதி இல்லை" என்று ஒரு நிமிசத்தில் எழுதியிருப்பார்கள். பழக்கினால் கை பழகும் என்பது அவருக்குத் தன்ர உடம்பாலேயே தெரிந்த விசயம்.

58 வயதில் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சகோதரங்களையும் அவர்களின் துணைகளையும் சேர்த்துக்கொண்டு மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் எடுத்த பிரச்சினை கண்புரை. அம்மம்மாமார் "கற்றராக்" எண்டு சொல்லுவினமே, அதுதான். இந்தியாவில் ஆட்கள் பார்வையை இழப்பதற்குப் பெரிய காரணம் அது. சத்திரசிகிச்சை செய்தால் பார்வை திரும்பும். ஆனால் நோயாளிகளின் தொகைக்கு வைத்தியர்மார் காணாது.

வைத்தியரின் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். பார்வையை அளப்பது, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பது, நோயாளிக்கு விளக்கம் சொல்வது, சத்திரசிகிச்சைக்கு ஆயத்தப்படுத்துவது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது, பிறகு கட்டுப் போடுவது. இதுக்கெல்லாம் வைத்தியர் தேவையில்லை, நன்றாகப் பயிற்றப்பட்ட ஒருவர் இருந்தால் போதும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு வைத்தியருக்கு இரண்டு கட்டில். ஒன்றில் வேலை முடியும்போது மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். வைத்தியர் அந்தப் பக்கம் திரும்பினால் சரி. இப்படித்தான் அங்கே ஒரு வைத்தியர் வருடத்துக்கு 2000 அளவில் சத்திரசிகிச்சை செய்ய முடிந்தது.

அந்த "நன்றாகப் பயிற்றப்பட்ட ஒருவர்" யார்? அதிகமாகக் கிராமத்துப் பெண் பிள்ளைகள். 17, 18, 19 வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வருகிறவர்கள். அதிகூடிய புள்ளி எடுத்தவரைத் தேடிப் போவதில்லை. பொறுமை இருக்கிறதா, மற்ற மனிசருக்காக மினக்கெடுகிற குணம் இருக்கிறதா, பொறுப்பெடுத்துப் பழகியவரா என்றுதான் பார்த்தார்கள். நேர்முகத்துக்குக் குடும்பத்தையும் வரச் சொல்லுவார்கள். எடுத்த பிறகு இரண்டு வருடப் பயிற்சி. அதற்குப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. தங்குமிடமும் ஒரு உதவித்தொகையும் மருத்துவமனை கொடுக்கும். வெங்கடசாமியின் தங்கை, கண் வைத்தியர் நாச்சியார், இந்தப் பயிற்சியைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர். இன்றைக்கு அரவிந்தின் ஊழியர்களில் பாதிக்கும் மேல் இப்படி வந்தவர்கள்தான்.

இந்தியாவுக்கு வெளியே இருந்து வந்த கண் வில்லைகள் விலை கூடினவை. அதனால் 1992 இல் ஓரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். அங்கேயும் கிராமத்துப் பெண்களைத்தான் எடுத்துப் பழக்கினார்கள். நூறு டொலருக்கு மேல் விற்ற வில்லையைப் பத்து டொலர் அளவுக்குக் கொண்டுவந்த கைகளில் அவர்களின் கைகளும் இருக்கின்றன.

இங்கே வாசகத்தின் இரண்டாம் பாதி உண்மையாகவே நடந்திருக்கிறது. இரண்டு வருடம், சாப்பாடு, படுக்கை, பயிற்றுநர்மார் எல்லாம் செலவுதான். அந்தச் செலவை நிறுவனம் சுமந்தது. "மனப்பாங்குதான் முக்கியம்" என்று சொல்ல அதுக்கு உரிமை இருக்கிறது.

ஆனாலும் எனக்குச் சில கேள்விகள் இருக்கு. குடும்பத்தைக் கூப்பிட்டுப் பார்ப்பதும், என்ர சிநேகிதியிடம் "எந்த ஊர், அப்பா என்ன செய்யிறார்" எண்டு கேட்பதும் எவ்வளவு தூரம் வேறு? மதுரையில் அந்தக் கேள்விகள் வாய்ப்பே இல்லாத பிள்ளையை உள்ளே கொண்டுவரக் கேட்கப்பட்டன. எங்கட ஊரில் அநேகமாக ஆளை வெளியே நிறுத்தத்தான் கேட்கப்படுகின்றன. ஆனால் கேள்வி ஒன்றுதான். எதுக்காகக் கேட்கிறார்கள் என்பது கேட்கிறவரின் மனதுக்குள்ளே இருக்கிறது, எதிரில் இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாது.

இரண்டாவது, ஏன் இந்த வேலைக்குப் பெண் பிள்ளைகள் மட்டும்? பொறுமையும் பணிவும் பெண்ணின் இயல்பு என்று ஊர் நம்புவதை மருத்துவமனையும் பயன்படுத்திக்கொள்கிறதா? அவர்களில் பலர் சில வருடத்தில் கலியாணத்தோடு வேலையை விட்டுப் போகிறார்கள். அவர்கள் வைத்தியரும் இல்லை, தாதியும் இல்லை. கண்ணைப் பற்றி அவ்வளவு தெரிந்த ஒருத்தி வெளியில் வந்து, "நான் இன்ன வேலைக்காரி" என்று எந்தப் பெயரைச் சொல்லி இன்னொரு இடத்தில் வேலை கேட்பாள்?

பழக்குகிற செலவு யாருடையது என்பது ஒரு கேள்வி என்றால், பழகிய வேலை யாருக்குச் சொந்தம் என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வி எங்கட மண்ணில் மிகப் பழையது.

மானிப்பாய்: போகாமல் இருக்கப் பழக்கியது

மதுரையில் அந்த 11 படுக்கை போடப்படுவதற்குக் கிட்டத்தட்ட 130 வருடத்துக்கு முதல், 1847 இல், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு 25 வயது அளவில். அடுத்த வருடம் மானிப்பாயில் வேலையைத் தொடங்கினார். குடாநாடு முழுக்க நோயாளிகள், மேலைத்தேய வைத்தியம் தெரிந்தவர் ஒரு கைவிரலுக்குள். அதனால் உள்ளூர் இளைஞரை எடுத்து வைத்தியம் படிப்பித்தார். 1873 இல் அவர் நாடு திரும்புவதற்குள் 60 க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து முடித்திருந்தார்கள். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

முதலில் அவர் படிப்பித்தது ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க வேலைக்குப் போய்விடுவார்கள். கிராமத்தில் நிற்க ஆள் இல்லை. இன்றைய முகாமையாளர் ஒருவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "இவங்களுக்கு மனப்பாங்கு சரியில்லை, சேவை மனம் உள்ளவனைத் தேடி எடு." கிறீன் பிள்ளைகளின் மனசை மாற்றப் பார்க்கவில்லை, பாடத்தின் மொழியை மாற்றினார். 1864 இல் இருந்து வைத்தியக் கல்வியைத் தமிழில் நடத்தினார். அதுக்கு அவர் முதலில் தமிழ் படிக்க வேண்டியிருந்தது, கலைச்சொல் உண்டாக்க வேண்டியிருந்தது, ஆயிரக்கணக்கான பக்கங்களில் நூல்களை மாணவரோடும் தமிழறிஞரோடும் சேர்ந்து தமிழாக்க வேண்டியிருந்தது. இரணவைத்தியம், கெமிஸ்தம் எல்லாம் அப்படி வந்த நூல்கள்தான். பழக்குவது என்றால் பழக்குகிறவரும் மாற வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஆட்கள் நாங்கள். பெருமைதான். ஆனால் அதே கதையை ஒரு மாணவனின் இடத்தில் இருந்து பாருங்கள். தமிழில் படித்தவன் ஊரில் நின்றது சேவை மனத்தாலா, இல்லாட்டி ஆங்கிலம் கேட்கிற வேலைக்குப் போக அவனுக்கு வழி இல்லாததாலா? இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். ஊருக்கு அது நன்மை. தன்ர மொழியில் விளங்கி வைத்தியம் படித்தது அவனுக்கும் நன்மை. ஆனாலும், வெளியே கொண்டுபோக ஏலாத திறன் ஆளை ஒரு இடத்தில் கட்டிப்போடவும் செய்யும். அப்படிக் கட்டுப்பட்டு நிற்கிறதைப் பார்த்து "நல்ல மனப்பாங்கு" என்று மெச்சுவது, நிறுத்தி வைத்தவருக்கு லேசான வேலை.

அப்ப நாங்கள் என்ன கேட்கிறது?

சிநேகிதியின் கேள்விக்கு இப்ப என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. மனப்பாங்கு என்பது உன்னிடம் மட்டும் இருக்கிற அல்லது இல்லாத ஒரு சாமான் இல்லை. பொறுமை, நேர்மை, படிக்கிற ஆசை எல்லாம் வேலைக்குத் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழக்க ஆயத்தமாக இருக்கிற இடத்துக்குத்தான் அதைத் தேடிப் பார்க்கத் தகுதி இருக்கிறது. பழக்க ஆயத்தமில்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். சம்பளம் கூட்டிக் கேட்காதே, நேரத்துக்கு வீட்டுக்குப் போகாதே, எங்கட ஆளாக இரு, வடிவாக இரு. 2 வருட அனுபவமும் கேட்டு நல்ல மனப்பாங்கும் கேட்கிற விளம்பரம், வாசகத்தின் இரண்டாம் பாதியைக் கிழித்துப்போட்ட விளம்பரம்.

அதனால் அடுத்த முறை நேர்முகத்தேர்வின் கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கா?" எண்டு அவர்கள் கேட்டால், இரண்டு கேள்வி கேட்கலாம். இந்த வேலையை எனக்கு ஆர், எவ்வளவு காலம் பழக்குவீங்கள், அந்தக் காலத்துக்குச் சம்பளம் இருக்கா? நான் பழகினதுக்கு வெளியில் செல்லுபடியாகிற அத்தாட்சி ஏதும் கிடைக்குமா? எங்கட நாட்டில் தேசிய தொழிற் தகைமை என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. என்.வி.கியூ எண்டு எல்லாருக்கும் தெரியும். வேலை செய்து பழகியவர்களும் தங்கட திறனை மதிப்பிடச் செய்து அந்தச் சான்றிதழைப் பெற வழி இருக்கிறது. அதுக்கு ஒத்துழைப்பீங்களா எண்டு கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை.

கேட்டால் வேலை போயிடும் எண்டு பயம் இருக்கும். ஞாயமான பயம்தான். ஒரு ஆள் கேட்டால் வாயாடி எண்டு சொல்லுவினம், அதுவும் பெண் பிள்ளை எண்டால் கேட்கவே வேண்டாம். பத்துப் பேர் கேட்டால் அடுத்த விளம்பரத்தை எழுதும்போது ஒருக்கா யோசிப்பினம். இதை வாசிக்கிற உங்களில் சிலர் இன்னும் ஐந்து வருடத்தில் சொந்தமாகக் கடையோ நிறுவனமோ வைத்திருப்பீர்கள், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பீர்கள். அப்ப இந்த இரண்டு கேள்வியும் உங்களுக்கும்தான்.

சிநேகிதி வாற கிழமை இன்னொரு நேர்முகத்தேர்வுக்குப் போகிறாள். இந்த முறை விளம்பரத்தில் "பயிற்சி வழங்கப்படும்" எண்டு ஒரு வரி இருக்கிறது. எத்தனை மாசம், என்ன சம்பளம் எண்டு போடவில்லை. முதல் கேள்வியாக அதைக் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.